ஐஸ் மேல ஏரோப்ளேன்!

2023 நவம்பர் 15. ராத்திரி 2 மணி 1 நிமிடம். அண்டார்டிகாவில் ‘ட்ரோல்’ என்று ஓர் இடம். நார்வேக்காரர்களின் ஆராய்ச்சி நிலையம். (ட்ரோல் என்றால் அவர்கள் ஊர்ப் பாட்டிக் கதைகளில் வரும் மலை பூதம். இன்டர்நெட்டில் வம்புக்கு இழுக்கிற ஆசாமி இல்லை.) அந்த அகால வேளையில் ஒரு போயிங் 787 ட்ரீம்லைனர் ஆற அமர வந்து இறங்கியது. அகால வேளை என்பது கடிகாரத்துக்குத்தான். அந்த சீஸனில் அங்கே ராத்திரியிலும் இருட்டுவதில்லை.

இறங்கின இடம் சிமென்ட் இல்லை, தார் இல்லை. சுத்தமான ஐஸ். 3,000 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலத்துக்கு ஐஸைச் சீவி, சுரண்டி ‘ரன்வே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 787 ரகத்தில் ஒரு ப்ளேன் அந்தக் கண்டத்தில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. வெள்ளைக் காடு, நடுவில் பிரம்மாண்டமான ப்ளேன், கீழே எறும்பு மாதிரி மனிதர்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். செய்தியில் என் கண்ணில் முதலில் பட்டது ஐஸ் இல்லை, ஓர் எண். பயணிகள் 45 பேர்!

முந்நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய ப்ளேனில் 45 பேர். கூடவே 12 டன் ஆராய்ச்சிச் சாமான். எந்த பஸ் முதலாளியிடம் இந்தக் கணக்கைக் காட்டினாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். “ஏம்ப்பா, சின்ன வண்டி அனுப்பக் கூடாதா?” என்பார்.

அனுப்பலாம். ஆனால் சின்ன வண்டிக்குத் திரும்பிவரப் பெட்ரோல் வேண்டுமே, அதை யார் தருவார்கள்?

ட்ரோல் இருப்பது கடற்கரையிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் உள்ளே. அங்கே போய்ச்சேருகிற ஒவ்வொரு பீப்பாய் எரிபொருளும் முதலில் கப்பலில் வர வேண்டும். அப்புறம் பனிமேல் ட்ராக்டர் மாதிரி வண்டிகள் கட்டி இழுக்க வேண்டும். வந்துசேருவதற்குள் அதன் விலை என்ன ஆகியிருக்கும் என்று எந்த அக்கவுண்டன்ட்டும் சொல்லிவிடுவார். அதனால்தான் பெரிய ப்ளேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலேயே போக, வர இரண்டுக்கும் சேர்த்து ரொப்பிக்கொண்டு கிளம்பலாம். ட்ரோலில் ஒரு சொட்டுக்கூடக் கேட்காமல் இறக்கி, ஏற்றித் திரும்பிவிடலாம்.

ஸீட்டு காலி. டேங்க் காலி இல்லை. கணக்கு இடிக்கவே இல்லை.

சரி, அவ்வளவு எடையோடு வருகிற பெரிய ப்ளேனை ஐஸ் தாங்குமா?

‘ஐஸ்’ என்றதும் டீ கிளாஸில் மிதக்கிற கட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ட்ரோலில் இருப்பது ‘நீல ஐஸ்’. ஆயிரக்கணக்கான வருஷம் பெய்த பனி, மேலே மேலே விழுந்து அமுக்கி, உள்ளே இருந்த காற்றுக் குமிழியெல்லாம் நசுங்கி, கெட்டித்துப்போன பழைய சரக்கு. சூரிய ஒளியில் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் திருப்பித் தருகிறது. அதனால் அந்த நிறம்.

இந்த நீல ஐஸ் எல்லா இடத்திலும் கிடைக்காது. காற்று வருஷம் முழுக்கப் பேயாட்டம் போடுகிற சில இடங்களில்தான் கிடைக்கும். அங்கே புதுப் பனி விழுந்தாலும் காற்று பெருக்கித் தள்ளிவிடும். மிச்சமும் உருகாமலேயே ஆவியாகப் போய்விடும். காமர்ஸ் பாஷையில் சொன்னால் வரவைவிடத் தேய்மானம் அதிகம். அதனால்தான் அடியில் இருக்கிற பழைய ஐஸ் வெளியே தெரிகிறது. நஷ்டக் கணக்கில் ஒரு லாபம்!

அதன் கனம் நூற்றுக்கணக்கான மீட்டர். ட்ரீம்லைனர் என்ன, ஊரையே கொண்டுபோய் வைத்தாலும் அசங்காது.

பயப்பட வேண்டிய ஐஸ் வேறே. அமெரிக்கர்களின் மெக்மர்டோ நிலையத்தில் பல வருஷம் கடல் ஐஸ் மேலேயே ரன்வே போட்டார்கள். குளிரில் கடலின் மேல்பரப்பு உறைந்து சுமார் 2 மீட்டர் கனத்துக்கு ஒரு மூடி. கீழே சாட்சாத் சமுத்திரம். அதன் மேல் சி-17 மாதிரி ராட்சச ராணுவ விமானங்களை இறக்கினார்கள். ஓடுகிறவரைக்கும் பிரச்னை இல்லை. நின்றால்தான் வம்பு. நிற்கிற இடத்தில் ஐஸ் மெதுவாக அமுங்கும். எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துகொண்டே இருப்பார்கள். ஓர் அளவைத் தாண்டினால், “சார், கொஞ்சம் வண்டியைத் தள்ளி நிறுத்துங்க!” நோ பார்க்கிங் போர்டுக்கு இதைவிட நல்ல காரணம் உலகத்தில் இல்லை.

தாங்கும், சரி. வழுக்காதா?

வழுக்கும். ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஐஸ் வழுக்குவதற்கு முக்கியக் காரணம் அதன் மேல் இருக்கிற மெல்லிய ஈரப் படலம். வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஈரம் அதிகம், வழுக்கலும் அதிகம். மைனஸ் பதினைந்து, இருபது என்று கீழே போகப் போக ஐஸ் ‘வறண்டு’ போகிறது. டயருக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கிறது. குளிர் அங்கே எதிரி இல்லை, பார்ட்னர்.

மிச்சப் பிடிக்கு மனிதர்கள் வேலை செய்கிறார்கள். பெரிய இயந்திரங்களால் ஐஸின் மேல்தோலைச் சுரண்டி, வரி வரியாகக் கீறி, வழவழப்பைச் சொரசொரப்பாக ஆக்குகிறார்கள். அப்புறம் ஒரு வண்டியை ஓட்டி, சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த எண் கைக்கு வந்தபிறகுதான் “வரலாம்” என்று தகவல் போகும். சில இடங்களில் இன்னும் ஒரு படி மேல். ப்ளேனின் சக்கரத்துக்கு வருகிற அதே பாரத்தை ஒரு வண்டியில் ஏற்றி ரன்வே முழுக்க உருட்டிப் பார்க்கிறார்கள். எங்காவது பொக்கை இருந்தால் அந்த வண்டியே கண்டுபிடித்துவிடும். ப்ளேன் வருவதற்கு முன்னாலேயே ஆடிட்!

2021 நவம்பர் 2-ஆம் தேதி நடந்தது இது. ‘உல்ஃப்ஸ் ஃபாங்’ என்று ஓர் ஐஸ் ரன்வே. பணக்கார டூரிஸ்டுகளை அண்டார்டிகாவுக்குக் கூட்டிப்போகிற ஒரு கம்பெனியுடையது. அங்கே ‘ஹை ஃப்ளை’ என்ற போர்ச்சுகல் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ340 இறங்கியது. நாலு எஞ்சின், இறங்கும்போது சுமார் 190 டன். கேப் டவுனிலிருந்து ஐந்து மணி நேரச் சொச்சம். அந்தக் கண்டத்தில் இறங்கிய முதல் ஏ340 அதுதான்.

ஓட்டி வந்த கேப்டன் கார்லோஸ் மிர்பூரி பிற்பாடு எழுதியதில், கண் கூச்சத்தைப் பற்றி விசேஷமாகச் சொல்கிறார். வெள்ளை நிலம், வெள்ளை ரன்வே, மேலே வெயில். எது ரன்வே, எது வெறும் ஐஸ் என்று பிரித்துச் சொல்ல ஓரமும் இல்லை, கோடும் இல்லை. நல்ல கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். போட்டால் உள்ளே மீட்டர் தெரியாது. வெளியே ஒரு பார்வை, உள்ளே ஒரு பார்வை என்று கண் மாறி மாறிப் பழக வேண்டும். அதுவும் ப்ளேன் தரையை நெருங்குகிற அந்தச் சில நிமிஷத்தில்!

பிரேக்கை மட்டும் நம்பவில்லை. எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பி அடிக்கிற ரிவர்ஸ் த்ரஸ்ட்டும், நீளமான 3,000 மீட்டரும் சேர்ந்துதான் நிறுத்தின.

இப்படிச் சாவதானமாக இறங்கக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1956 அக்டோபர் 31. அமெரிக்கக் கடற்படையின் ஒரு குட்டி ப்ளேன் தென் துருவத்திலேயே போய் இறங்கியது. பெயர் ‘கே செரா செரா’. அந்த வருஷம் ஊரெல்லாம் முணுமுணுத்த ஒரு பாட்டின் பெயர். ‘நடக்கிறபடி நடக்கட்டும்’ என்று பொருள். பொருத்தமான பெயர்தான். வெளியே மைனஸ் ஐம்பது டிகிரி. சக்கரத்துக்குப் பதில் சறுக்குப் பட்டை. கிட்டத்தட்ட ஐம்பது நிமிஷம் நின்றதில் பட்டை பனியோடு பனியாக ஒட்டிக்கொண்டுவிட்டது. எஞ்சினை எவ்வளவு உறுமவிட்டாலும் நகரவில்லை. கடைசியில் பக்கவாட்டில் கட்டியிருந்த சின்ன ராக்கெட்டுகளைக் கொளுத்தி, தீபாவளி மாதிரி புகை கக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறு வருஷம், 1957 அக்டோபர் 15-ல், பான் ஆம் கம்பெனியின் ஸ்ட்ராட்டோக்ரூஸர் நியூஸிலாந்திலிருந்து மெக்மர்டோவுக்கு வந்தது. அண்டார்டிகாவுக்கு வந்த முதல் கமர்ஷியல் ப்ளேன். அதில் இரண்டு ஏர்ஹோஸ்டஸ்கள். மாதக்கணக்கில் ஒருத்தர் தாடியை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் முகாம் அது. என்ன பரபரப்பு இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். தாடிப் போட்டி வைத்து அந்த இரண்டு பெண்களையே ஜட்ஜ் ஆக்கினார்கள். துருவ ஆராய்ச்சி வரலாற்றில் மிக நேர்மையான தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் சறுக்குப் பட்டையை வைத்துக்கொண்டு பெரிய ப்ளேன் ஓட்ட முடியாது. பெரிய ப்ளேனுக்குச் சக்கரம் வேண்டும். சக்கரத்துக்குக் கெட்டித் தரை வேண்டும். சார்ல்ஸ் ஸ்விதின்பாங்க் என்ற பிரிட்டிஷ் பனியியல் நிபுணர், “நீல ஐஸ் இருக்கிறதே, அதைவிடக் கெட்டித் தரை எது?” என்று நீல ஐஸ் இருக்கும் இடங்களைத் தேடித் தேடிக் குறித்தார். 1987-ல் பேட்ரியட் ஹில்ஸ் என்ற இடத்தில் ஒரு பழைய டிசி-4 விமானம் சக்கரத்தோடு இறங்கிக் காட்டியது. இன்றைய ட்ரீம்லைனருக்கு அதுதான் பாட்டன்.

இவ்வளவு சிரமம் எதற்கு? கப்பலில் போனால் ஆகாதா?

1961 ஏப்ரல் 30. நோவோலாசரெவ்ஸ்கயா என்கிற சோவியத் நிலையம். பதின்மூன்று பேர். அதில் ஒரே டாக்டர், லியோனிட் ரோகஸோவ். வயசு 27. அவருக்கே குடல்வால் அழற்சி. அறுத்தால்தான் பிழைப்பார். அறுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வெளியே பனிப்புயல், எந்த ப்ளேனும் வர முடியாது. மரத்துப்போகும் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டு, கண்ணாடி பிடிக்க ஒருவர், சாமான் எடுத்துத் தர ஒருவர் என்று வைத்துக்கொண்டு, தன் வயிற்றைத் தானே கிழித்துக் குடல்வாலை எடுத்துத் தைத்துக்கொண்டார். சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். பிழைத்தார்.

ரன்வே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அந்தக் குளிர்கால ஆரம்பத்தில் இன்றைக்கும் அங்கே ப்ளேன் வருவது லேசான காரியம் இல்லை. ஆனால் கோடையில் வரலாம். அந்த நோவோ நிலையத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நீல ஐஸ் ரன்வே இருக்கிறது. கேப் டவுனிலிருந்து இல்யூஷின்-76 ரக ப்ளேன்கள் ஐஸ் மேல் இறங்குகின்றன. நம் இந்தியாவின் ‘மைத்ரி’ நிலையமும் அதே பக்கம்தான். 1981 டிசம்பரில் நம்முடைய முதல் குழு கோவாவிலிருந்து கப்பலில் போனது. இப்போது நம் விஞ்ஞானிகளில் பலர் கேப் டவுன் போய், ப்ளேன் ஏறி, ஆறு மணி நேரத்தில் ஐஸில் கால் வைக்கிறார்கள்.

ஆறு மணி நேரம். அதில் ஒரு நிமிஷம் மட்டும் ரொம்ப விலை உயர்ந்தது.

ஐஸ் ரன்வேக்குப் போகிற பல ப்ளேன்களுக்கு வழியில் ஒரு கண்ணுக்குத் தெரியாத மைல்கல் உண்டு. அதுவரைக்கும் “வேண்டாம்ப்பா, வானிலை சரியில்லை” என்று திரும்பிவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் வீடு திரும்ப எரிபொருள் பத்தாது. இறங்கியே தீர வேண்டும். சாதாரண ஊரில் ஓர் ஏர்போர்ட்டில் மூடுபனி என்றால் பக்கத்து ஏர்போர்ட். அண்டார்டிகாவில் பக்கத்து ஏர்போர்ட் பெரும்பாலும் வேறொரு கண்டத்தில் இருக்கிறது! (போக வர எரிபொருளோடு வருகிற பெரிய ப்ளேனுக்கு மரியாதை ஏன் என்று இப்போது புரிகிறதா?)

2013 அக்டோபர் 7. நியூஸிலாந்து விமானப் படையின் போயிங் 757 ஒன்று கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மெக்மர்டோவுக்குக் கிளம்பியது. மொத்தம் 130 பேர். வானிலை அறிக்கை ‘பரவாயில்லை’ என்றது. மைல்கல்லைத் தாண்டினார்கள். தாண்டிய பிறகு மூடுபனி வந்து உட்கார்ந்தது.

இறங்கப் பார்த்தார்கள். தரையிலிருந்து நூற்றுச் சொச்சம் அடி வரைக்கும் வந்தும் ரன்வே கண்ணிலேயே படவில்லை. மேலே ஏறினார்கள். மூடுபனி விலகுமா என்று சுமார் 2 மணி நேரம் வட்டமடித்தார்கள். விலகவில்லை. திரும்ப முடியாது, மேலேயே இருக்கவும் முடியாது. ‘இதற்குக் கீழே இறங்காதே’ என்று புத்தகம் சொல்கிற வானிலையில், வேறு வழியில்லாமல் இறங்கினார்கள். 130 பேரும் பத்திரம். பைலட்டுகளின் திறமையை மெச்சலாம். ஆனால் அதைத் திறமைக்கு விட்டதே தப்பு என்பதுதான் பாடம். புறப்படும்போதே முடிய வேண்டிய கணக்கு அது.

வெள்ளைக்குள் வெள்ளை எப்படி ஏமாற்றும் என்பது நியூஸிலாந்துக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1979 நவம்பர் 28-ல் அவர்களின் டிசி-10 பயணிகள் விமானம் அண்டார்டிகாவை மேலிருந்து சுற்றிக்காட்டப் போனது. இறங்குகிற திட்டமே கிடையாது. கம்ப்யூட்டரில் வழித்தட எண்களை முந்தின ராத்திரி மாற்றியிருந்தார்கள். பைலட்டிடம் யாரும் சொல்லவில்லை. எதிரே நின்ற எரிபஸ் மலையும் வெள்ளை, மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. 257 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆபீஸில் ஒரு ஃபைலில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு, சம்பந்தப்பட்டவரிடம் சொல்ல மறக்கிறோமே... அதன் கடைசிக் கோடி இது.

இதில் இன்னொரு சிக்கல், ரன்வேக்கும் ஆயுசு உண்டு.

1970-ல் மெக்மர்டோவில் புயலில் ஒரு ராணுவ விமானம் தாறுமாறாக இறங்கி உடைந்தது. பெயர் ‘பெகாஸஸ்’. உள்ளே இருந்த 80 பேரும் தப்பினார்கள். ப்ளேன் இன்னும் பனியில் பாதி புதைந்து கிடக்கிறது. பிற்பாடு பக்கத்தில் போட்ட ஐஸ் ரன்வேக்கு அதே பெயரை வைத்தார்கள். விழுந்த ப்ளேனின் பெயரை ரன்வேக்கு வைக்க ஒரு தனி தைரியம் வேண்டும்! அந்த ரன்வேயை முடித்தது புயல் இல்லை, தூசி. பக்கத்துத் தீவிலிருந்து காற்றில் வந்த கறுப்புத் தூசி ஐஸில் படிந்தது. கறுப்பு வெயிலை உறிஞ்சும். உறிஞ்சினால் ஐஸ் உருகும். கோடையில் குண்டும் குழியுமாகி, 2016 டிசம்பரில் கடையைக் கட்டினார்கள். பதிலுக்குப் பனியை அமுக்கி அமுக்கி ஒரு புது ரன்வே போட்டார்கள். அதன் பெயர் ‘ஃபீனிக்ஸ்’. சாம்பலிலிருந்து எழுந்த பறவை. இந்தத் தடவை பெயரில் ஜாக்கிரதை!

ஆஸ்திரேலியர்களின் வில்கின்ஸ் ரன்வே இன்னும் வேடிக்கை. சுமார் 700 மீட்டர் கன ஐஸ் மேல் இருக்கிறது. அந்த ஐஸ் நகர்கிறது, வருஷத்துக்குச் சுமார் 12 மீட்டர். ரன்வேக்கு வருஷா வருஷம் அட்ரஸ் மாறும். ஹோபார்ட்டிலிருந்து ஏ319 ஜெட் போய், எரிபொருள் போடாமலே திரும்பிவரும். ஆனால் கோடை நடுவில் ஐஸின் மேல்தோலுக்கு அடியில் ஈரம் கட்ட ஆரம்பித்தால் சில வாரம் கடை அடைப்பு. விஞ்ஞானிகளுக்கு வேலை அதிகம் இருப்பதும் அதே கோடையில்தான். “ஐஸே வேண்டாம், டேவிஸ் நிலையத்துப் பக்கம் 2,700 மீட்டருக்கு கான்க்ரீட் ரன்வே போடுவோம்” என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். செலவும் சுற்றுச்சூழல் சேதமும் பயமுறுத்த, 2021 நவம்பரில் கைவிட்டார்கள்.

பூமி சூடாகிறதா என்று பார்க்கப் போகிறவர்கள் இறங்குகிற தரையே, கொஞ்சம் சூடானால் காலை வாரிவிடும். அதனால் அங்கே ரன்வே என்பது ஒரு தடவை போட்டு ரிப்பன் வெட்டுகிற சமாசாரம் இல்லை. தினமும் பெருக்கணும், தினமும் சுரண்டணும், தினமும் அளக்கணும். நேற்றைய எண் இன்றைக்குச் செல்லாது.

ட்ரீம்லைனர் இறங்கிய படத்தில் எல்லோரும் ப்ளேனைத்தான் பார்த்தார்கள். அதைச் சாத்தியமாக்கினது அதற்கு முந்தின நாட்களில் உறைகுளிரில் ட்ராக்டர் ஓட்டி, ஐஸைக் கீறி, பிடிப்பு எவ்வளவு என்று நோட்டில் எழுதின ஆசாமிகள். அவர்கள் பெயர் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை. மாசக் கடைசியில் கணக்கை டாலி பண்ணிவிட்டு, மேனேஜர் பாராட்டு வாங்குவதை ஓரமாக நின்று பார்க்கிறவர்களுக்கு இது புதுசில்லை.

விமானம் பத்திரமாகத் தரையிறங்கியதும் பைலட்டுக்குக் கைதட்டுகிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. நல்ல வழக்கம்தான். தட்டுங்கள். இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுங்கள், ரன்வே பெருக்கினவருக்கு!